எட்டு மணிக்குப் பார்த்தேன்

நகரசபையிலிருந்து வரும் அழைப்பை நான் ஒருநாளும் உட்கார்ந்து எடுத்ததில்லை. பதினொன்றே கால் ஆகும்போது நடைகூடத்தில், தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில், டையைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருப்பேன். பாரிசில் வெயில் எச்சரிக்கை சிவப்புக்கு ஏறி அன்று ஆறாவது நாள். வெளியே நாற்பது டிகிரியைத் தொடும் என்று வானொலி சொல்லியிருந்தது. இரண்டாம் மாடியில் என் வீட்டுக்குள் இருபத்தாறரை. அப்பாவின் அலுவலகத்தில் இருந்த பாதரச வெப்பமானி நடைகூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதை நான் நம்புகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு ஜன்னல்களையும் திறந்துவிடுவேன். ஏழரைக்குக் கண்ணாடிகளை மூடி, வெளிப்பக்கத்து மரக்கதவுகளை இழுத்துத் தாழிட்டு, திரைகளின் ஓரங்களைத் துணிக் கிளிப்புகளால் கவ்வவைப்பேன். பிறகு பகல் முழுவதும் அந்த இருட்டில் மெதுவாக நடமாடுவேன். அந்தக் குளிர்ச்சியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. ஒழுங்காக இருந்து நான் சேர்த்துவைத்தது.

என் பெயர் எத்மோன் லவேர்ன். வயது எண்பத்திரண்டு. சொத்துப் பத்திரங்கள் எழுதும் நோட்டரியாக முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன், அப்பாவும் அதே. ஜூன் மாதம் என் மகள் க்ளோதில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நகரசபையின் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டு பிரெத்தாஞ் கடற்கரைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் அது. வெயில் அலை வந்தால் தினம் ஒருமுறை கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவார்கள். கதவு திறக்காவிட்டால் தீயணைப்புப் படையினர் வந்து உடைப்பார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். எங்கள் குடும்பத்துக் கதவு ஒருமுறை அப்படி உடைபட்டிருக்கிறது. இன்னொரு முறை அது நடக்க நான் விடுவதாக இல்லை. ஆகவே தினமும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

முதல் நாள் பேசியவள் ஆவா என்ற இளம்பெண். குரலில் ஒரு அவசரம், அதற்கடியில் ஒரு சிரிப்பு.

“முசியே லவேர்ன், இன்னிக்கு எத்தனை கிளாஸ் தண்ணி குடிச்சீங்க?”

“எண்ணிக் குடிக்க நான் என்ன கழுதையா, மத்மசேல்?”

“கழுதைக்குத் தாகம் எடுத்தா அதுவே குடிச்சுக்கும் முசியே. உங்க வயசுல தாகமே எடுக்காது. அதான் கேக்கறேன்.” பிறகு, எழுதிக்கொண்டே, “வீட்ல கூட யாராச்சும் இருக்காங்களா, இல்ல தனியாவா?”

அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு படிவத்தில் என் பெயருக்கு எதிரே அது எழுதப்படுவதை நான் பார்த்தேன். “லவேர்ன் குடும்பத்துல யாரும் தனியா இருக்கறதில்ல,” என்றேன். “ஆறாம் மாடியில என் தங்கை ஒதீல் இருக்கா. தினம் காலைல கீழ வருவா. ஒண்ணாத்தான் காபி குடிப்போம்.”

அதில் முதல் பாதி உண்மை. ஒதீல் அதே கட்டடத்தின் ஆறாம் மாடியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே, ஒரு காலத்தில் வேலைக்காரிகள் படுத்துறங்கிய மூன்று அறைகளை இடித்து ஒன்றாக்கி வாழ்கிறாள். எழுபத்தேழு வயது. பள்ளியில் பூகோளம் கற்பித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் என் வீட்டு வாசற்படியை அவள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மிதித்ததில்லை. வாயிலில் எதிர்ப்பட்டால் “வணக்கம் எத்மோன்” என்பாள். “வணக்கம் ஒதீல்” என்பேன். கிறிஸ்துமசுக்கும் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆவா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். “உங்க தங்கச்சியும் என் பட்டியல்லதான் இருக்காங்க முசியே. இப்பதான் பேசினேன். நேத்து சாயங்காலம் நீங்க முலாம்பழம் வாங்கிட்டு மேல போனீங்களாமே? பாதிய நீங்களே தின்னுட்டீங்கன்னு புகார் சொன்னாங்க.”

முலாம்பழம் வாங்கி மூன்று வருடமாவது இருக்கும். க்ளோதில் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறாள் என்பது புரிந்தது. அதைவிட, ஒதீலும் அதே கேள்விக்கு, அதே காரணத்துக்காக, அதே பொய்யைச் சொல்லியிருக்கிறாள் என்பது புரிந்தது. என் தங்கைதான். அந்நியர் ஒருவர் முன்னால் குடும்பத்தின் சட்டையில் பொத்தான் இல்லை என்று காட்டிக்கொள்ள அவளுக்கும் வராது.

“பாதி இல்ல, கால்வாசி,” என்றேன். “அவ எப்பவுமே மிகைப்படுத்துவா.”

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் நானாகவே, கேட்காமலே, ஒதீல் காலையில் வந்து சீட்டு விளையாடினாள், வழக்கம்போல ஏமாற்றினாள் என்று ஆவாவிடம் சொன்னேன். சிறுமியாக இருந்தபோது ஏமாற்றுவாள்; மடியில் சீட்டை ஒளிப்பாள். அதற்கு மறுநாள் பதில் வந்தது. “அவங்க ஏமாத்தலையாம் முசியே. நீங்கதான் தோத்தா மேசைத்துணிய இழுத்துடுவீங்களாம். பன்னெண்டு வயசுல ஒரு சூப் கிண்ணத்தையே கவுத்தீங்களாம்.” ஆவா சிரித்தாள். “உங்க ரெண்டு பேரையும் கூப்பிடறதுதான் எனக்கு நாள்ல கொஞ்சம் சந்தோஷம். மத்த வீட்லல்லாம் யாருமே இல்ல.” சூப் கிண்ணத்தைக் கவிழ்த்தது உண்மை. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். தொலைபேசியை வைத்த பிறகு நான் அடுக்களைக்குப் போய், முற்றத்துப் பக்கத்து ஜன்னல் கதவை விரலகலம் திறந்து, மேலே பார்த்தேன். கூரையின் சரிவில் அவளது ஜன்னல். கண்ணாடியில் வெயில் அடித்துக் கண் கூசியது. சட்டென்று மூடிவிட்டேன்.

அந்த ஜன்னலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூரை ஜன்னல்களுக்கு வெளிக்கதவு கிடையாது. வெளிக்கதவு போட அனுமதி கேட்டு ஒதீல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வீட்டு உரிமையாளர்கள் கூட்டத்தில் விண்ணப்பம் வைத்தாள். சங்கத் தலைவன் நான். நூற்றைம்பது வருடக் கட்டடத்தின் கூரைக்கோட்டை ஒருவர் வசதிக்காகக் கெடுக்க முடியாது என்று மூன்று முறையும் எதிர்த்து வாக்களித்தேன். இந்த ஜூனில் அவள் மலையேறுபவர்கள் போர்த்திக்கொள்ளும் பொன்வெள்ளித் தாள் ஒன்றைக் கண்ணாடிமேல் ஒட்டினாள். முற்றம் முழுக்க அது பளபளத்தது. நான் சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளில், மரியாதையான மொழியில், கட்டடத்தின் தோற்றத்துக்கு அது பொருந்தவில்லை என்று ஒரு கடிதம் எழுதி அவள் தபால்பெட்டியில் போட்டேன். மறுநாளே கழற்றிவிட்டாள். பதில் எழுதவில்லை.

ஆறாம் நாள் மணி பதினொன்றே கால் தாண்டி, அரையாகி, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்தான் அழைப்பு வந்தது. ஆவாவின் குரலில் அன்று சிரிப்பு இல்லை, களைத்திருந்தாள்.

“முசியே, மன்னிச்சுக்கங்க, இன்னிக்கு நாப்பது பேர் எடுக்கல. உங்க தங்கச்சியும் எடுக்கல. ரெண்டு தரம் அடிச்சேன். நீங்க காலைல பாத்தீங்கதானே அவங்கள?”

நடைகூடம் அப்போது எவ்வளவு இருட்டாக இருந்தது, வெப்பமானியின் வெள்ளிக்கோடு எங்கே நின்றது என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. யோசிக்க நேரமில்லை என்று சொல்லமாட்டேன். நேரம் இருந்தது. இல்லை என்று சொன்னால் முந்தைய ஐந்து நாட்களும் அவிழ்ந்துவிடும். காபி, சீட்டு, முலாம்பழம் எல்லாம். இந்தப் பெண் எங்கள் இருவரையும் என்ன நினைப்பாள்? பிறகு சைரன், ஏணி, கோடரி.

“பாத்தேன்,” என்றேன். “எட்டு மணிக்குப் பாத்தேன். நல்லா இருந்தா. குளிச்சிட்டிருப்பா.”

“அப்பாடா. சரி, அப்ப அவங்க பேருக்கு நேரா ‘பாத்தாச்சு’ன்னு போட்டுடறேன். இல்லன்னா ஆள் அனுப்பணும், இங்க ஆளே இல்ல. நீங்க இருக்கறது எவ்ளோ நல்லதாப் போச்சு முசியே.”

வைத்துவிட்டாள். ஒரு பொய்யைப் பத்திரத்தில் ஏற்றினால் அது உண்மையின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும் என்பதை என்னைவிட அறிந்தவன் இருக்க முடியாது. ஒதீலின் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுந்துவிட்டது. நாளை பதினொன்றே கால் வரை அவளைத் தேடி இனி யாரும் வரமாட்டார்கள். அவளை அன்று யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

வரவேற்பறைக்குப் போனேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். கிளிப்புகளைச் சரிபார்த்தேன். குளித்துக்கொண்டுதான் இருப்பாள், இல்லையென்றால் நகரசபை திறந்துவைத்திருக்கும் குளிர்சாதன அறைக்குப் போயிருப்பாள். அங்கே போகிற ஆள்தான் அவள். ஊர்பேர் தெரியாதவர்களுடன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேச அவளுக்குத் தயக்கமே கிடையாது. சாப்பாட்டு அறைக்குப் போனேன். ரொட்டியை வெட்டினேன். தின்னவில்லை. நடைகூடத்துக்கு வந்து அவளது எண்ணைச் சுழற்றினேன். என் விரல் அதை மறக்கவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. மணி அடித்தது. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தபோதும் மணிச்சத்தம் நிற்கவில்லை. அடுக்களைப் பக்கமிருந்து, முற்றம் வழியாக, மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். அவளது ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உச்சி வெயிலில் ஜன்னலைத் திறந்துவைப்பது வெளியூர்க்காரர்கள் செய்கிற பிழை. ஒதீல் செய்யமாட்டாள். காலையில் திறந்தவள் மூடவில்லை.

இருந்தும் நான் மேலே போகவில்லை, கீழேதான் போனேன். கட்டடத்தில் எந்த அசைவும் இல்லை. ஆகஸ்டில் அப்படித்தான், எல்லோரும் கடலுக்கும் மலைக்கும் போய்விடுவார்கள், காவல்காரி மதாம் தெய்ஷேரா போர்ச்சுகலுக்குப் போய்விடுவாள். வாயிலின் தபால்பெட்டி வரிசையில் ஒதீலின் பெட்டியில் அன்றைய செய்தித்தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏழரை மணிக்கு அவள் அதை எடுத்துவிடுவாள். மரக்கதவுகளைச் சாத்தும்போது அவள் காலடியைத் தினமும் கேட்டுப் பழகியவன் நான். இன்று கேட்டேனா என்று நினைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அதைக் காலையிலேயே கவனித்தேனா என்றும் கேட்டுக்கொண்டேன். அதற்கு விடை எனக்குத் தெரியும். இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான், ரெஜிஸ். எதிலும் நிலைக்காதவன். மேலே, இப்போது ஒதீலின் படுக்கையறையாக இருக்கும் அறையில், நான் அவனைத் தங்கவிட்டிருந்தேன். நானும் என் குடும்பமும் கடற்கரைக்குக் கிளம்பிய காலை அவன் பெட்டிகளை இறக்க உதவிவிட்டு, காரின் ஜன்னலில் கைவைத்துக் கேட்டான்: “மேல அடுப்பு மாதிரி இருக்கு எத்மோன். நீங்க வர்ற வரைக்கும் கீழ் வீட்ல படுத்துக்கட்டுமா?” முந்தைய வருடம் ஒருமுறை சாவி கொடுத்ததில் அவன் நண்பர்கள் வந்து அம்மாவின் கண்ணாடிக் கோப்பைகளை உடைத்திருந்தார்கள். “மூடின வீடு மூடின வீடுதான்,” என்றேன். அவன் தலையாட்டினான். பயணம் நல்லபடியா அமையட்டும் என்றான். பத்து நாள் கழித்துத் தீயணைப்புப் படையினர் கதவை உடைத்தார்கள். அந்த மாதம் பாரிசில் அப்படி எத்தனையோ கதவுகள். சவக்கிடங்குகளில் இடமில்லாமல் அவனை ஊருக்கு வெளியே குளிரூட்டிய கிடங்கு ஒன்றில் வைத்திருந்தார்கள். “கடைசியில அவனுக்குக் குளிர்ச்சி கிடைச்சுது,” என்று ஒதீல் என்னிடம் சொன்னாள். அஞ்சலி விளம்பரத்தில் ‘தனிமையில், வெயிலால் இறந்தான்’ என்று போடச் சொன்னாள். ‘மாரடைப்பால் திடீரென’ என்று நான் போட்டேன். அவன் அறையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு குடிவந்தது அதற்கு அடுத்த வசந்தத்தில். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை.

கூண்டு மின்தூக்கி ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். ஆறாம் மாடிக்கு ஒரே வழி பின்படிக்கட்டு. ஒவ்வொரு வீட்டின் அடுக்களைப் பின்கதவும் அதில்தான் திறக்கும். கரிமூட்டைகளுக்கும் பால் வாளிகளுக்கும் வேலைக்காரிகளுக்குமாகக் கட்டியது. அப்பாவும் நானும் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. அடுக்களை அலமாரிக்குப் பின்னால் ஆணியில் ரெஜிஸின் அறைச் சாவி இருந்தது. கதவையே மாற்றியாயிற்று, பூட்டு மாறியிருக்கும் என்று தெரிந்தும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். ஒரு புட்டி தண்ணீரும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டேன். பின்கதவின் தாழ் துருப்பிடித்திருந்தது. திறந்தபோது சூடு ஒரு ஆளைப்போல நெஞ்சில் இடித்தது.

மூன்றாம் மாடியில் மூச்சு நன்றாக இருந்தது. நான்காம் மாடியில் டையைத் தளர்த்தினேன். ஐந்தாம் மாடியில் இரும்புக் கைப்பிடி கையைச் சுட்டது. நின்று, சுவரில் தோளைச் சாய்த்து, மார்பு அடங்கட்டும் என்று காத்தேன். அதற்குமேல் காற்று என்று ஒன்று இல்லை. தகரமும் தூசும் பழைய மரமும் வெந்த வாசனை. இந்தப் படிகளில்தான் அவள் தினமும் ஏறி இறங்குகிறாள், காலையில் செய்தித்தாளோடும் மாலையில் ரொட்டியோடும். சங்கக் கூட்டத்தில் ‘ஆறாம் மாடி’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சொல்லுக்குள் இவ்வளவு படிகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

சாவி தேவைப்படவில்லை. கதவு பூட்டப்படவில்லை. ஒதீல் கழுவுதொட்டிக்குக் கீழே, தரையில், அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உள்பாவாடையும் மேலே ஒரு துண்டும். துண்டு காய்ந்து விறைத்திருந்தது. முகம் சிவந்து, வியர்வையே இல்லாமல், தொட்டால் காகிதம்போல உலர்ந்து கொதித்தது. மேலே தகட்டுக் கூரை சின்னச் சின்னதாக முறுக்கிக்கொண்டு சத்தமிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் வந்ததில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

“முலாம்பழம் எங்க?” என்றாள்.

“ஒதீல், நான் எத்மோன்.”

“தெரியுது. நேத்துக் கொண்டாந்தியே, பாதிய நீயே தின்னியே. இன்னிக்கு எங்க?”

அவள் கேலி செய்யவில்லை. அவள் மூளை வெந்து, சொன்ன பொய்யையும் நடந்ததையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தது. நான் தினமும் வந்து போனதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். “கீழ இருக்கு,” என்றேன். “வா, கீழ போலாம்.” துண்டை நனைத்துக் கழுத்தில் சுற்றினேன். புட்டியை வாயில் வைத்தேன். பாதி மோவாயில் வழிந்தது. தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அது அவளுடைய புதுவகைச் சாதனம். கறுப்புக் கண்ணாடியில் ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கியது, எங்கே அழுத்துவது என்று பிடிபடவில்லை. அவளை அங்கே விட்டுவிட்டு இறங்கிப் போய் என் தொலைபேசியில் பேசலாம். நான்கு மாடி. அந்த அறையில் ஒருவரை விட்டுவிட்டு நான் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறேன்.

தூக்க எனக்கு வலுவில்லை. அவளுக்கு நிற்கக் கால் இல்லை. ஆகவே நாங்கள் உட்கார்ந்து இறங்கினோம். நான் ஒரு படி கீழே, அவள் ஒரு படி மேலே. அவள் கால்களை என் இரு பக்கமும் நீட்டி, என் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியாகப் பிட்டத்தால் நகர்ந்து. சின்ன வயதில் முன்படிக்கட்டின் கம்பளத்தில் இப்படி இறங்கி அடி வாங்கியிருக்கிறோம். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் என் கால்சட்டை கிழிந்தது. அவள் அதைக் கேட்டாள்.

“எதுவோ போச்சு,” என்றாள்.

“என் கால்சட்டை.”

“அப்பா பாத்தா கொன்னுடுவாரு.”

“பிடிச்சுக்கோ. பேசாத.”

“நீ பேசாத. உன்னாலதான் எப்பவும் மாட்டிக்குவோம்.”

நான்காம் மாடியில் அவள் தலை என் முதுகில் சரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். என் குரல் படிக்கட்டுக் குழாயில் ஏறி இறங்கி எனக்கே அந்நியமாகத் திரும்பி வந்தது. மூன்றாம் மாடியில் புட்டியில் மிச்சமிருந்ததை அவள் தலையில் ஊற்றினேன். “குளிருது,” என்று முனகினாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் அடுக்களைப் பின்கதவு நான் விட்டுவந்தபடியே திறந்திருந்தது. உள்ளேயிருந்து இருட்டும் குளிர்ச்சியும் எங்கள்மேல் பட்டன. எழுப்பி நிறுத்தி, இடுப்பைப் பிடித்து, உள்ளே நடத்தப் பார்த்தேன். ஒதீலின் கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவு நேரம் துணிபோலத் துவண்டிருந்தவளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ.

“வேணாம்,” என்றாள். “மூடின வீடு மூடின வீடுதான்.”

ரெஜிஸ் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மூளை கலங்கிச் சொன்னாளா, தெளிந்து சொன்னாளா? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. அடுக்களை நாற்காலி ஒன்றைப் படிக்கட்டுத் தளத்தில், வாசலை ஒட்டி இழுத்துப் போட்டு, அதில் உட்காரவைத்தேன். பனிக்கட்டிகளைத் துணியில் கட்டி அக்குளிலும் கழுத்திலும் வைத்தேன். பிறகு நடைகூடத்துக்குப் போய் அவசர மருத்துவ எண்ணைச் சுழற்றினேன். கதவுகளெல்லாம் திறந்திருந்ததால் நான் பேசுவது அவளுக்கும், கட்டடத்தில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் கேட்டிருக்கும். முகவரி, வயது, பேச்சு குழறுகிறது, வியர்வை இல்லை என்றெல்லாம் சொன்னேன்.

“கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? யார் பாத்தீங்க?” என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

“நகரசபைத் தாள்ல எட்டு மணின்னு இருக்கும்,” என்றேன்.

“நீங்கதான் பாத்தீங்களா?”

வெப்பமானி இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது.

“இல்ல. நான் பாக்கல. பொய் சொன்னேன். தினமும் பாக்கறதா சொன்னதெல்லாம் பொய். நான் அவளைப் பாத்துப் பதினோரு நாள் ஆச்சு. எத்தனை நேரமா அப்படிக் கெடக்கறான்னு எனக்குத் தெரியாது.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை. அந்த மனிதர் எதற்கும் வியந்ததாகத் தெரியவில்லை. “கதவத் தொறந்து வெச்சிருங்க. தண்ணி நனைச்சுக்கிட்டே இருங்க. வண்டி வருது, ஆனா நேரமாகும். இன்னிக்கு எல்லாருக்கும் நேரமாகுது,” என்றார்.

திரும்பி வந்தேன். டையைக் கழற்றி, குழாயில் நனைத்து, அவள் மணிக்கட்டில் சுற்றினேன். கையில் கிடைத்த துணி அதுதான். பக்கத்தில் தளத்துக் கல்லில் உட்கார்ந்தேன். ஐந்து மணியிலிருந்து நான் சேர்த்துவைத்த குளிர்ச்சி எங்கள் இருவரையும் உரசிக்கொண்டு பின்படிக்கட்டில் வெளியேறிக்கொண்டிருந்தது. அது போவதை உடம்பில் உணர முடிந்தது. தெருவில் எங்கோ சைரன் கேட்டது, எங்கள் பக்கம் வந்தது, வேறு பக்கம் திரும்பிப் போயிற்று. இன்னொன்று கேட்டது.

“எத்மோன்,” என்றாள் ஒதீல், கண்ணைத் திறக்காமல். “பதினோரு நாளா?”

“ஆமா.”

“பன்னெண்டு,” என்றாள்.

மூச்சு மேலோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. கதவு நிலையில் இருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது. சிறிது நேரம் கழித்து அவளது வலது கால் மெல்ல நகர்ந்தது. வெறுங்கால், படிக்கட்டின் கரி ஒட்டிய குதிகால். அது வாசல் மரத்தைத் தடவி, தாண்டி, என் அடுக்களையின் கறுப்பு வெள்ளைத் தரையில் ஒரு வெள்ளைக் கல்லைத் தொட்டது. சில்லென்ற இடம் கிடைத்ததும் பாதத்தை அதன்மேல் முழுசாகப் பதித்து, அங்கேயே வைத்துக்கொண்டாள். மற்றக் கால் வெளியே இருந்தது.